நட்சத்திரம் பிறக்க வாயு எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் செட்டிநாட்டு வானம் துலங்கிவிடும். அந்த நாட்களில் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பள்ளித் திடல்களிலும் பெரிய வீட்டு மொட்டை மாடிகளிலும் தொலைநோக்கி வைத்து ஊர்க்காரர்களுக்கு வானம் காட்டி வருகிறோம். எல்லோரும் முதலில் பார்க்கக் கேட்பது சனியின் வளையத்தை. பார்த்து முடித்த பிறகும் நகரவிடாமல் பேச வைப்பது ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். "இங்கேதான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன" என்று சொன்னதுமே கேள்விகள் கிளம்பிவிடும். எதிலிருந்து பிறக்கின்றன? அந்த வாயு எப்படி அங்கே வந்தது? தீர்ந்துபோனால் என்ன ஆகும்? வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது முழுதாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதுகிறேன்.

தொலைநோக்கியில் புகையாகத் தெரிந்தது என்ன வாயு?

பெரும்பகுதி ஹைட்ரஜன். எடைக்கணக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் சேர்ந்தே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். நெபுலா நம்மிடமிருந்து சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதற்குள் புதிதாகப் பிறந்த வெப்பமான நட்சத்திரங்களின் ஒளி பட்டு வாயு ஒளிர்கிறது.

ஒளிர்கிற அந்தப் பகுதியில் நட்சத்திரம் உருவாவதில்லை. அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் குளிர்ந்து கிடக்கும் மூலக்கூறு மேகத்தில்தான் உருவாகிறது. அங்கே வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் சுமார். வாயு அந்த அளவுக்குக் குளிர்ந்தால்தான் உள்ளழுத்தம் குறைந்து, தன் ஈர்ப்பாலேயே சுருங்கி நட்சத்திரமாகும். இந்தக் 'குளிர வேண்டும்' என்ற நிபந்தனையை நினைவில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

"வாயுன்னா அடுப்புல எரியிற கேஸ் மாதிரியா தம்பி? அதுதான் நட்சத்திரமா எரியுதா?"

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி கேட்டது. நல்ல கேள்வி, ஆச்சி. அடுப்பில் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அது வேதிவினை. நட்சத்திரத்தின் நடுவில் நடப்பது அணுக்கருச் சேர்க்கை. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஹீலியம் ஆகின்றன. நம் சூரியன் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாக மாறி வெளியே வருகிறது. நம் முற்றத்தில் வற்றல் காய்வது அந்த வெயிலில்தான்.

நம் பால்வீதியில் இருக்கிற வாயு போதாதா? வெளியிலிருந்து ஏன் வரவேண்டும்?

இந்தப் பக்கத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பால்வீதி என்பது நம் சூரியன் இருக்கிற கேலக்ஸி, அதாவது நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்த பெருங்கூட்டம். அதில் ஆண்டுக்கு ஒன்றிலிருந்து இரண்டு சூரியன் எடையுள்ள வாயு நட்சத்திரங்களாக மாறுகிறது. இருப்பு எவ்வளவு? உடனே நட்சத்திரமாகத் தயாராக உள்ள மூலக்கூறு வாயு சுமார் 100 கோடி சூரியன் எடை. இன்னும் குளிராத அணுநிலை ஹைட்ரஜன் அதைப்போலப் பல மடங்கு. ஆண்டுக்கு இரண்டு என்று எடுத்தால் மூலக்கூறு வாயு 50 கோடி ஆண்டில் காலி. அணுநிலை வாயுவையும் சேர்த்துக்கொண்டாலும், சாகும் நட்சத்திரங்கள் திருப்பித் தருவதை வரவு வைத்தாலும், சில நூறு கோடி ஆண்டுக்கு மேல் தாங்காது.

பால்வீதியோ 1,000 கோடி ஆண்டுக்கும் மேலாக நட்சத்திரங்களை உருவாக்கி வருகிறது. இளவயதில் இப்போதையதைவிட வேகமாகவே உருவாக்கியது. சூரியனே 460 கோடி ஆண்டுக்கு முன் பிறந்ததுதான். ஆக, அன்றைக்கு இருந்த இருப்பு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்றால் வரத்து இருக்கிறது என்று பொருள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அதிகம் பாடுபட வேண்டியிருப்பதில்லை. வற்றாத ஆறு இல்லாத சீமை இது. ஊருணியில் இன்று நிற்கிற தண்ணீரைப் பார்த்து யாரும் ஊரின் தண்ணீர் நிலைமையைச் சொல்வதில்லை. வரத்துக்கால் சரியாக இருக்கிறதா, நடுவில் யாராவது மண்ணடித்து பிளாட் போட்டுவிட்டார்களா என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். கேலக்ஸிக்கும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், சில கேலக்ஸிகள் ஏன் இன்னும் நீலமாக, இளமையாக இருக்கின்றன, சில ஏன் சிவந்து அடங்கிவிட்டன என்பது விளங்கும்.

கணக்கு சரி. நேரடிச் சாட்சி உண்டா?

இரண்டு சாட்சிகள் உண்டு. இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை.

முதலாவது, சூரியனைச் சுற்றியுள்ள பழைய நட்சத்திரங்கள். இரும்பு முதலான கனமான தனிமங்களை நட்சத்திரங்களே உருவாக்குகின்றன. அதனால் முதல் தலைமுறை நட்சத்திரங்களில் இரும்பு மிகக் குறைவாகவும், பின்னால் வந்தவற்றில் அதிகமாகவும் இருக்கும். மொத்த வாயுவும் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்து, வெளித்தொடர்பு இல்லாமல் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருந்திருந்தால், நம் அக்கம்பக்கத்தில் இரும்பு குறைந்த சிறு நட்சத்திரங்கள் ஏராளமாக இருக்க வேண்டும். சிறு நட்சத்திரங்களுக்கு ஆயுள் அதிகம்; ஆதியில் பிறந்தவைகூட இன்னும் உயிரோடு இருக்கும். எண்ணிப் பார்த்தால் அவை மிகக் குறைவு. 1962-ல் சிட்னி வான் டென் பெர்க்கும், 1963-ல் மார்ட்டன் ஷ்மித்தும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். வாயு சிறுகச் சிறுக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்காமல் பொருந்துகிறது.

இரண்டாவது, டியூட்டீரியம். ஹைட்ரஜனின் கனமான வகை இது. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் உருவானதோடு சரி. அதற்குப் பிறகு நட்சத்திரங்கள் அதை அழிக்க மட்டுமே செய்கின்றன. ஒரு முறை நட்சத்திரத்துக்குள் போய் வந்த வாயுவில் டியூட்டீரியம் இருக்காது. பால்வீதி தன் பழைய வாயுவை மட்டுமே திரும்பத் திரும்பப் புழங்கியிருந்தால் இன்று டியூட்டீரியம் வெகுவாகக் குறைந்திருக்கும். 1999-ல் ஏவப்பட்ட ஃப்யூஸ் செயற்கைக்கோள் புறஊதா ஒளியில் அளந்தபோது, பல இடங்களில் ஆதி அளவுக்கு நெருக்கமாகவே இருந்தது. நட்சத்திரத்தின் வாசற்படியையே மிதிக்காத புது வாயு தொடர்ந்து வந்து கலக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

அந்தப் புது வாயு எங்கே இருந்தது?

கேலக்ஸிகளுக்கு இடையிலான வெளியில். பிரபஞ்சத்தில் உள்ள சாதாரணப் பொருளில் பத்தில் ஒரு பங்குகூட நட்சத்திரமாகவில்லை. பெரும்பகுதி இன்னும் மெல்லிய வாயுவாக வெளியில்தான் கிடக்கிறது.

அது சீராகப் பரவியும் கிடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஈர்ப்பு, பல கோடி ஒளியாண்டு நீளமுள்ள இழைகளாக அதைத் திரட்டியிருக்கிறது. இந்த அமைப்புக்குப் பிரபஞ்ச வலை என்று பெயர். இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் கேலக்ஸிக் கூட்டங்கள் உருவாகின்றன. இழை நெடுகிலும் வாயு முடிச்சை நோக்கி வழிகிறது. 2019-ல் சிலியில் உள்ள மிகப்பெரும் தொலைநோக்கியின் மியூஸ் கருவியால், தொலைவில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு கேலக்ஸிக் கூட்டத்தில் இந்த இழைகளின் மங்கிய ஒளியையே படம்பிடித்தார்கள்.

ஈர்ப்பு இழுக்கிறது, வாயு விழுகிறது. அவ்வளவுதானே?

விழுவது எளிது. விழுந்தபின் குளிர்வதுதான் கடினம். விழும் வாயு, கேலக்ஸியைச் சூழ்ந்த கரும்பொருள் ஒளிவட்டத்துக்குள் (பெயர்தான் ஒளிவட்டம், அது ஒளிராது) நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. அங்கே ஏற்கெனவே உள்ள வாயுவோடு மோதினால் அதிர்வலை எழுந்து, அந்த வேகமெல்லாம் வெப்பமாக மாறிவிடும். பத்து லட்சம் டிகிரி வரை சூடான வாயு கீழே இறங்காது. அதன் அழுத்தமே அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒளியாக வெப்பத்தை இழந்து குளிர்ந்தபிறகே அதற்கு இறங்க வழி கிடைக்கும். மார்ட்டின் ரீஸ், ஜெரமையா ஆஸ்ட்ரைக்கர் முதலானோர் 1977-ல் எழுதிய கட்டுரைகளிலிருந்து இந்தச் சித்திரம் வளர்ந்தது.

நெடுநாள் எல்லாக் கேலக்ஸிக்கும் இதுதான் வழி என்று நினைத்திருந்தார்கள். 2003-ல் யுவல் பிர்ன்போய்ம், அவிஷாய் டெக்கெல் இருவரும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். ஒளிவட்டத்தின் எடை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் வாயு சூடாவதைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். அதிர்வலை நிலைக்கவே முடியாது. வாயு பத்தாயிரம் டிகிரி அளவிலேயே, அதாவது வானியல் கணக்கில் 'குளிர்ந்த' நிலையிலேயே, நேரே உள்ளே பாயும். எல்லைக்கோடு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரியன் எடை. அதற்குப் பின் வந்த கணினிப் பாவனைகள் இன்னொன்றையும் காட்டின. ஆதிகாலத்தில் பெரிய ஒளிவட்டங்களுக்குள்ளும் இழை வழியே வந்த அடர்த்தியான ஓடைகள் சூடான வாயுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கின்றன.

நம் பால்வீதியின் ஒளிவட்டம் கிட்டத்தட்ட அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. இளவயதில் குளிர்ந்த வாயு நேரே வந்தது. இப்போது சுற்றிலும் சூடான வாயு உறையொன்று இருக்கிறது. அதிலிருந்து கசிந்து குளிர்வதுதான் முக்கிய வரத்து. அது எப்படிக் குளிர்கிறது என்பதில் சுவையான யோசனை ஒன்று உண்டு. நட்சத்திரங்களும் வாயுவும் சுற்றுகிற கேலக்ஸித் தட்டில் சூப்பர்நோவாக்கள், அதாவது சாகும் நட்சத்திரங்கள், வெடிக்கும்போது வாயு சில ஆயிரம் ஒளியாண்டு உயரத்துக்கு வீசப்படுகிறது. அதில் கனமான தனிமங்கள் அதிகம். அவை இருந்தால் வாயு சீக்கிரம் குளிரும். மேலே போன வாயு சூடான உறையோடு கலந்து, அதையும் குளிரவைத்து, திரும்பி விழும்போது கொஞ்சம் புது வாயுவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதாவது, நட்சத்திரங்களின் சாவே அடுத்த தலைமுறைக்கான வரத்தைக் கூட்டுகிறது.

நேரே மையத்தில் விழாமல் ஏன் தட்டாகச் சுற்றுகிறது?

வரும்போதே பக்கவாட்டு வேகத்தோடு வருவதால். கோண உந்தம், அதாவது அந்தச் சுற்றும் போக்கு, எளிதில் அழியாது. அதனால் வாயு முதலில் தட்டின் வெளி ஓரத்தில் சேர்கிறது. பல சுருள் கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் தட்டு, நட்சத்திரங்கள் தெரியும் எல்லையைத் தாண்டி வெகுதூரம் பரந்திருப்பது இதனால்தான்.

நடுவில் உள்ள கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கிவிடாதா?

விழுங்காது. பால்வீதி மையத்துக் கருந்துளை சுமார் 40 லட்சம் சூரியன் எடை. கேலக்ஸியின் எடையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கருந்துளையால் வரும் சிக்கல் வேறு விதமானது; கீழே 'செத்த கேலக்ஸி' பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சின்னக் கேலக்ஸிகளைப் பெரியவை விழுங்கும் என்கிறார்களே, அதிலும் வாயு வருமா?

வரும். இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. பெரிய, சிறிய மெகல்லானிக் மேகங்கள் பால்வீதியைச் சுற்றியுள்ள துணைக் கேலக்ஸிகள். ஒன்று 1.6 லட்சம் ஒளியாண்டு, மற்றது 2 லட்சம் ஒளியாண்டு தூரம். இவை இரண்டும் ஒன்றையொன்று இழுத்ததிலும், பால்வீதியின் சூடான உறை உராய்ந்ததிலும், வாயு பிய்ந்து நீண்ட ஓடையாக வானில் 100 டிகிரிக்கு மேல் நீண்டு கிடக்கிறது. இதற்கு மெகல்லானிக் ஓடை என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ அலையில்தான் தெரியும். அதன் வாயுவில் பெரும்பகுதி காலப்போக்கில் நம் பால்வீதிக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

பெரிய மெகல்லானிக் மேகத்தை நம் ஊரிலிருந்து பார்க்க வாய்ப்பு உண்டு. காரைக்குடி 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 10 டிகிரி வரை எழும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு கைமுட்டி உயரம். தை மாதக் கடைசியில் இரவு 8 மணி சுமாருக்கு நேர் தெற்கே நிற்கும். ஊர் விளக்கு இல்லாத பொட்டல் வேண்டும், தெற்கே மரமோ வீடோ மறைக்கக் கூடாது, புழுதி அடங்கியிருக்க வேண்டும். சிறிய மேகம் இன்னும் தாழ்வு, அதற்கு ஆசைப்படாதீர்கள்.

வாயு மேகம் ஏதாவது இப்போது நம்மேல் விழுந்துகொண்டிருக்கிறதா?

விழுகிறது; பயப்பட ஒன்றுமில்லை. 1963-ல் நெதர்லாந்தில் வானியல் மாணவியாக இருந்த கெயில் ஸ்மித் ஒரு ஹைட்ரஜன் மேகத்தைக் கண்டுபிடித்தார். அது ஸ்மித் மேகம் என்றே அழைக்கப்படுகிறது. திருவோணம் இருக்கிற கழுகு விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கிறது. நீளம் சுமார் 11,000 ஒளியாண்டு, அகலம் 2,500 ஒளியாண்டு. பத்து லட்சம் சூரியனுக்கு மேல் எடை. கண்ணுக்குத் தெரிந்தால் வானில் முழுநிலவைப் போல 30 மடங்கு நீண்டு தெரியும். இன்னும் சுமார் 3 கோடி ஆண்டில் பால்வீதித் தட்டில் மோதும். மோதிய இடத்தில் ஏராளமான நட்சத்திரங்கள் பிறக்கும்.

இது எங்கிருந்தோ வந்த புது வாயு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஹபிள் தொலைநோக்கி மேகத்துக்குப் பின்னால் உள்ள கேலக்ஸிகளின் ஒளியில் கந்தகத்தின் தடயத்தைத் தேடியது. 2016-ல் வந்த முடிவு: கந்தகம் சூரியனில் உள்ளதில் பாதி அளவு இருக்கிறது. புது வாயுவில் இவ்வளவு இருக்காது. ஆகவே இது பால்வீதியின் வெளி ஓரத்திலிருந்து எப்போதோ கிளம்பிப் போய்த் திரும்பி வருகிற வாயுவாக இருக்க வேண்டும். விழுவதெல்லாம் புது வரத்து என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இந்த மேகம் காட்டிக்கொடுத்தது.

வந்ததற்கும் போனதற்குமான கணக்கையும் ஹபிள் தந்த தரவுகளைக் கொண்டு 2019-ல் போட்டார்கள். வேகமாக நகரும் மேகங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ அரைச் சூரியன் எடை உள்ளே வருகிறது; சூரியன் எடையில் ஆறில் ஒரு பங்கு வெளியே போகிறது. வரவுதான் கூடுதல். ஆனால் பிறக்கும் நட்சத்திரங்களின் அளவுக்கு இந்த வரவு காணாது. தட்டோடு சேர்ந்தே மெதுவாகச் சுழன்று இறங்கும் வாயுவை இந்த முறையால் பிரித்தறிய முடியாது. மிச்சம் அதில் இருக்கலாம்.

கண்ணுக்கே தெரியாத வாயுவை எப்படி அளக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு வழி.

தொலைவில் உள்ள குவாசரின் (கருந்துளையால் பேரொளி வீசும் கேலக்ஸி மையம்) ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் ஒரு கேலக்ஸியின் வாயு உறையைக் கடந்தால், நிறமாலையில் குறிப்பிட்ட இடங்களில் கருங்கோடுகள் விழும். எந்தத் தனிமம், எவ்வளவு, என்ன வேகம், எல்லாம் அந்தக் கோடுகளில் தெரியும். பால்வீதியைச் சுற்றிச் சூடான வாயு உறை இருக்க வேண்டும் என்று லைமன் ஸ்பிட்சர் 1956-லேயே சொன்னார். 2009-ல் ஹபிளில் பொருத்தப்பட்ட புறஊதா நிறமாலைக் கருவி இந்தத் துறையின் முகத்தையே மாற்றியது. பெரிய கேலக்ஸிகளைச் சுற்றியுள்ள உறையில், உள்ளே இருக்கும் நட்சத்திரங்களின் எடைக்கு இணையாகவே வாயு இருக்கக்கூடும் என்று அது காட்டியது. 2020-ல் ஆண்ட்ரோமிடா கேலக்ஸிக்குப் பின்னால் உள்ள 43 குவாசர்களைப் பயன்படுத்தி அதன் உறையை அளந்தார்கள். 13 லட்சம் ஒளியாண்டு வரை பரவியிருக்கிறது. சில திசைகளில் 20 லட்சம். ஆண்ட்ரோமிடாவுக்கும் நமக்கும் இடைவெளியே 25 லட்சம் ஒளியாண்டுதான். அதன் உறையும் நம் உறையும் இப்போதே தொட்டுக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது வழி 21 செ.மீ. ரேடியோ அலை. குளிர்ந்த ஹைட்ரஜன் அணு தானாகவே 1420 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய சமிக்ஞை அனுப்பும். 1944-ல் வான் டி ஹுல்ஸ்ட் இதைக் கணித்தார். 1951-ல் யுவென், பர்செல் இருவரும் ஹார்வர்டில் அதைப் பிடித்தார்கள்.

இந்த ரேடியோ அலையை நம்மால் பிடிக்க முடியுமா சார்?

முடியும். கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்திருக்கிறோம். வாய் முக்கால் மீட்டர் அகலமுள்ள கூம்பை அலுமினியத் தகட்டில் அடிக்கச் சொன்னோம். தகரக் கடைக்காரருக்கு வரைபடம் காட்டினால் போதும், வாளி அடிக்கிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு பெயின்ட் தின்னர் டின். அதற்குள் 5 செ.மீ. சொச்சம் நீளமுள்ள செம்புக் கம்பி; 21-ஐ நாலால் வகுத்தால் வருகிற நீளம் அது. கம்பியிலிருந்து 1420 மெகாஹெர்ட்ஸுக்கான வடிகட்டியோடு கூடிய பெருக்கி. அங்கிருந்து யு.எஸ்.பி. ரேடியோ டாங்கிள் வழியாக மடிக்கணினி. அவ்வளவுதான்.

கூம்பைப் பால்வீதியை விட்டு விலக்கி வெறும் வானத்துக்குத் திருப்பினால் திரையில் கோடு தட்டையாக ஓடும். பால்வீதி உச்சிக்கு வரும் நேரத்தில் நேரே மேலே திருப்பி சில நிமிடம் சேகரித்தால், 1420.4-ஐ ஒட்டிக் கோடு மெல்ல மேடு தட்டும். சில திசைகளில் மேடு இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு சுருள் கையில் உள்ள வாயு. நம்மை நோக்கி வருவது ஒரு பக்கமும் விலகுவது மறுபக்கமும் தள்ளி விழும். நொடிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் அரை மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளும். செல்போன்களை அணைத்துத் தூர வையுங்கள், எல்.இ.டி. விளக்கை நிறுத்துங்கள், இரைச்சல் பாதி அடங்கும். அந்த மேட்டைத் திரையில் பார்க்கிற பிள்ளையின் முகம் சனி வளையத்தைப் பார்க்கிறபோதுகூட அப்படி மலராது.

இதில் இந்தியாவின் பங்கு ஏதாவது உண்டா?

நிறைய. புணே அருகே கோடத் கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் கொண்டது. கோவிந்த் ஸ்வரூப் உருவாக்கியது. அதற்கு முன்பே அவர் நம் ஊட்டிப் பக்கம் முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார். 1970-லிருந்து அது இயங்குகிறது. அதன் அலைவரிசை 327 மெகாஹெர்ட்ஸ் சுமார். சுமார் 1,200 கோடி ஆண்டுக்கு முன் ஹைட்ரஜனிலிருந்து 1420-ல் கிளம்பிய அலை, பிரபஞ்ச விரிவில் நீண்டு இன்று வந்து சேரும் இடமும் ஏறக்குறைய அதுவே.

ஜி.எம்.ஆர்.டி. தந்த ஒரு முடிவு இந்தப் பக்கத்தின் பொருளுக்கு நேரடியாக வருகிறது. பிரபஞ்சத்தில் நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன். அதற்குப் பிறகு சரிந்து இன்று பத்தில் ஒரு பங்காகிவிட்டது. ஏன் சரிந்தது? ஆதித்ய சௌதுரி, நிசிம் கானேகர், ஜெயராம் செங்கலூர் முதலானோர் 2020-ல் விடையின் பெரும்பகுதியைத் தந்தார்கள். தனித்தனியாக எந்தக் கேலக்ஸியின் சமிக்ஞையும் கேட்காத தூரம் அது. அதனால் 7,653 கேலக்ஸிகளின் சமிக்ஞைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். 800 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தக் கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் நிறையவே இருந்தது. ஆனால் அவை நட்சத்திரங்களை உருவாக்கிய வேகத்துக்கு அந்த இருப்பு நூறிலிருந்து இருநூறு கோடி ஆண்டுக்கே காணும். அந்த வேகத்துக்கு ஈடாக வெளியிலிருந்து வரத்து வரவில்லை, பிறப்பு சரிந்தது. அளவெடுத்தே சொல்லப்பட்ட முடிவு இது, நம் மண்ணிலுள்ள கருவியால்.

'செத்த கேலக்ஸி' என்கிறார்களே, வாயு இல்லாததால் செத்ததா?

சிலவற்றில் வாயு இல்லை. வேடிக்கை என்னவென்றால், சிலவற்றைச் சுற்றி வாயு மலையாகக் குவிந்திருக்கிறது, இறங்கத்தான் வழியில்லை.

பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரம். நடுவிலுள்ள பெரிய கேலக்ஸியைச் சூழ்ந்த வாயு பல கோடி டிகிரி சூட்டில் எக்ஸ் கதிர் வீசுகிறது. வீசுகிற வேகத்தைப் பார்த்தால் அது குளிர்ந்து, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன் எடை உள்ளே கொட்டியிருக்க வேண்டும். அவ்வளவு கொட்டவில்லை. காரணம், மையக் கருந்துளை. அதில் கொஞ்சம் வாயு விழுந்தாலும் அது ஆற்றல்மிக்க தாரைகளை இரு பக்கமும் பீய்ச்சுகிறது. சூடான வாயுவில் பெரும் குமிழிகள் ஊதப்படுகின்றன. குமிழிகளிலிருந்து கிளம்பும் அழுத்த அலைகளை, நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி படம்பிடித்தது. 2003-ல் அந்தச் செய்தி வந்தது. அந்த அலைகள் வாயுவைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் அது குளிர்வதே இல்லை.

சின்னக் கேலக்ஸிகளின் கதை வேறு. அங்கே ஈர்ப்பு பலம் குறைவு. சூப்பர்நோவாக்கள் வெடித்தால் வாயு கலுங்கு தாண்டிய வெள்ளமாக வெளியேறிவிடும். கூட்டத்துக்குள் விழும் கேலக்ஸிகளின் வாயுவைக் கூட்டத்தின் சூடான வாயுவே உரித்தெடுத்துவிடும். நம் தொலைநோக்கியில் சப்தரிஷி மண்டலப் பக்கம் எம்82 என்ற கேலக்ஸியைக் காட்டுகிறோம். பங்குனி, சித்திரை முன்னிரவுகளில் வடக்கே தெரியும். கண்ணுக்குச் சிறு கீற்றுதான். பெரிய கருவிகளின் படத்தில் அதன் இரு பக்கமும் சிவந்த ஹைட்ரஜன் பீறிட்டு வெளியேறுவது தெரியும். அளவுக்கு மீறி நட்சத்திரம் பிறந்ததே அங்கே வாயுவை விரட்டுகிறது.

பால்வீதியும் ஒருநாள் அடங்கிவிடுமா?

வேகம் குறையும். ஆனால் இப்போதைக்குச் சூடான உறையில் இருப்பு இருக்கிறது, மெகல்லானிக் ஓடை வருகிறது, அந்த இரு மேகங்களே பிற்காலத்தில் வந்து சேரக்கூடும். ஆண்ட்ரோமிடாவோடு மோதினால் கணக்கெல்லாம் மாறும். அந்த மோதல் உறுதி என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2025-ல் வந்த ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோதுவதற்கும் மோதாமல் போவதற்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு என்கிறது.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். இந்தத் துறைக்கு எப்படிப் போவது?

இயற்பியலையும் கணிதத்தையும் விடாமல் பிடித்துக்கொள், தம்பி. பி.எஸ்சி. இயற்பியல் எந்த நல்ல கல்லூரியில் படித்தாலும் போதும். அதன்பின் எம்.எஸ்சி., பிறகு ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வு எழுதி, புணேயில் உள்ள என்.சி.ஆர்.ஏ. (தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையம்) அல்லது ஐயூகா (பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல் மையம்), பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆகியவற்றில் ஆராய்ச்சிக்குச் சேரலாம். மத்திய அரசின் ஐசர் அறிவியல் கல்லூரிகளிலும், திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியலுக்கான ஐ.ஐ.எஸ்.டி.யிலும் பிளஸ் டூ முடித்ததுமே நுழையும் வழி உண்டு. கணினி நிரல் எழுத இப்போதே பழகு, பைதான் போதும். இந்தத் துறையில் பகல் முழுக்க அதுதான் வேலை.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி ஜி.எம்.ஆர்.டி.யைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். வீட்டில் கேட்டுப் பார். புணே வரை ரயில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டப்பட்டு வரும் எஸ்.கே.ஏ. என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. மத்திய அரசு 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுக்கு முந்தைய கேலக்ஸிகளின் ஹைட்ரஜனை, அடுக்கிச் சராசரி எடுக்காமல் ஒவ்வொன்றாகவே அளப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. நீ படிப்பை முடித்து வருகிற காலத்தில் அது தரவுகளைக் கொட்டிக்கொண்டிருக்கும்.